மழைக்காலத்தில் அணைந்து கிடக்கும் கணினி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழகக் கடலோர ஊர்களில் வெப்பநிலை 28 டிகிரி செல்சியசும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு) 85 சதவீதமுமாக இருப்பது வழக்கம். அத்தகைய அறையில் தினமும் ஓடும் கணினியைவிட, வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் கணினிக்கே ஆபத்து அதிகம்.

காற்று சூடேறும்போது அதிலுள்ள நீராவி கூடுவதோ குறைவதோ இல்லை. ஆனால் நிறைவுற அதற்கு மேலும் நீராவி தேவைப்படுவதால் ஒப்பு ஈரப்பதம் இறங்குகிறது. மேற்சொன்ன காற்றே ஓடும் கணினியின் பெட்டிக்குள் 38 டிகிரிக்கு ஏறினால், ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அணைந்த கணினிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கண்ணுக்குத் தெரியும் நீர்த்துளி இருந்தால்தான் கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. கடற்காற்றோடு வரும் தூசியில் உப்பு இருக்கிறது. சாதாரண உப்பு ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றின் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலத்தின் வழியே, மின்சுற்றுப் பலகையில் மின்னழுத்த வேறுபாடுள்ள இரு உலோகத் தடங்களுக்கிடையில், நேர்மின்வாயிலிருந்து செம்பு, வெள்ளி, ஈயம் போன்ற உலோகங்கள் அயனிகளாகக் கரைந்து எதிர்மின்வாய்க்கு நகர்ந்து, அங்கே மீண்டும் உலோகமாகப் படிந்து, வேர்போலக் கிளைவிட்டு வளர்கின்றன. அந்த வேர் எதிர்ப்பக்கத்தைத் தொட்டதும் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படுகிறது.

அணைத்த கணினியில் மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பிளக் செருகியபடி சுவிட்சும் போட்டிருந்தால், மேசைக்கணினியின் மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். ஈரம், உப்பு, மின்னழுத்தம் மூன்றும் கூடியிருக்க, உலர்த்தும் வெப்பம் மட்டும் இல்லாத இந்த நிலையே மிக மோசமானது.

ஏசி அறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 25 டிகிரி. அறையை 22 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு, ஏசியை நிறுத்திய கையோடு சன்னலைத் திறந்தால், குளிர்ந்த உலோகப் பரப்புகளில் நீர் படியும். சிறிது நேரம் சன்னலை மூடியே வைத்து, பொருள்கள் வெளிவெப்பத்தை எட்டிய பிறகு திறப்பதே நல்லது.

அறை ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வைக்க முடிந்தால் கவலை பெரும்பாலும் தீரும். முடியாதவர்கள் பெட்டியைத் தரையிலிருந்தும் ஓதம் ஏறிய சுவரிலிருந்தும் விலக்கி வைத்து, உள்ளே படியும் தூசியை அவ்வப்போது நீக்கி, நாள்தோறும் சிறிது நேரமாவது கணினியை ஓடவிட வேண்டும். திறந்த அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது வீண். காற்றுப் புகாத உறைக்குள்தான் அது பயன்படும். மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் பிளக்கை உருவுவதோடு, மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரியையும் கழற்றிவிடலாம். கடிகாரமும் சில தொடக்க அமைப்புகளும் மட்டுமே அழியும், வன்தட்டிலுள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.