37 டிகிரியில் தடுமாறும் கிருமி

மீன் தொட்டியைக் கழுவும்போது விரலில் ஒரு சிராய்ப்பு ஏற்பட்டு, ஆறியும் விடுகிறது. சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் சிவந்த முடிச்சு ஒன்று எழுகிறது. வலி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. வழக்கமான கட்டிகளுக்குத் தரும் மாத்திரைகளுக்கு அது மசிவதில்லை. பிறகு நிணநீர் நாளங்களின் பாதையிலேயே முன்கையில் வரிசையாகப் புதிய முடிச்சுகள் தோன்றலாம். இத்தனைக்கும் நோயாளி நல்ல ஆரோக்கியமானவர்.

காரணம் மைக்கோபாக்டீரியம் மரைனம், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. 1926இல் பிலடெல்பியாவில், காட்சித் தொட்டிகளில் இறந்த மீன்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர் ஜோசப் ஆரன்சன்.

இதன் போக்கைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். சுமார் 30 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் இக்கிருமி, 37 டிகிரியில் தடுமாறுகிறது. நம் உள்ளுறுப்புகள் அதற்கு அளவுக்கு மீறிய சூடு. விரல்களும் முழங்கையும் குளிர்ந்தவை என்பதால் அங்கேயே தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கினாலும், மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் அதைக் காக்கிறது. கொல்ல முடியாத கிருமியைச் சுற்றி நம் செல்கள் குவிந்து அதைச் சிறைப்படுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியும் முடிச்சு பெரும்பாலும் அந்தக் குவியல்தான்.

நோயறிதல் தவறுவதும் இதே வெப்பநிலையால்தான். ஆய்வகத்தில் திசு மாதிரியை 37 டிகிரியில் மட்டும் வைத்தால் எதுவும் முளைக்காமல் போகக்கூடும். 30 டிகிரியிலும், பல வாரங்கள், வளர்க்க வேண்டும். மருத்துவர் அதைக் கேட்டு அனுப்புவதற்கு முதலில் அவருக்குச் சந்தேகம் எழ வேண்டும். சிராய்ப்பையே மறந்துபோன நோயாளி மீன் தொட்டியைப் பற்றி எங்கே சொல்லப்போகிறார்? ஆறாத முடிச்சோடு வருபவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது, எந்தப் பரிசோதனைக்கும் குறையாத மதிப்புடையது என்பேன்.

இந்தக் குடும்பத்தில் வேகமாக வளரும் இனங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே அழகு நிலையத்தில் கால்களை ஊறவைத்த நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கட்டிகள் வந்தன. தொட்டியின் வடிகட்டித் திரைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் தேங்கிய இடத்தில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் குடியிருந்தது. முன்னதாகக் கால் முடியை மழித்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களே வாசல். இக்கிருமிகள் குளோரினையும் ஓரளவு தாங்குவதால், நீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

மரைனம் தொற்று ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளால் குணமாகும். ஆனால் முடிச்சுகள் மறைந்த பிறகும் ஓரிரு மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும். தசைநாண் வரை இறங்கிவிட்டால் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.