உங்க ஸ்டாருக்காக நீங்க போடற சண்டய வீட்ல ஒரு குழந்த கேட்டுட்டு இருக்கு

மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் தயவுசெஞ்சு இத பாதில மூடிடாதீங்க. குழந்தைங்ககிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துகிட்டார்னு அவர் மேல வந்த புகார் உண்மையா பொய்யான்னு தீர்ப்பு சொல்ல நான் எழுதல, அதுக்கு எனக்கு தகுதியும் இல்ல. சேலத்துல குழந்தைங்க, டீன் ஏஜ் பசங்க, அவங்க அப்பா அம்மான்னு உக்கார வெச்சு பேசற மனநல ஆலோசகர் நான். அவர பத்தி நம்ம வீட்டு ஹால்ல, சாப்பிடறப்போ, டிவி முன்னாடி நாம பேசற பேச்சு இருக்கே, அது யார் காதுல போய் விழுதுன்னு சொல்லத்தான் எழுதறேன். கீழ வர்றவங்க யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்கள மாத்தியிருக்கேன்.

நம்ம ஊருக்கு ரசிகன்னா யாருன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. டி.ஆர். சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவு ஏற்காடு ரோட்டுல இன்னும் நிக்குது, நூத்துக்கும் மேல படம் எடுத்த இடம் அது. கட்அவுட், பாலாபிஷேகம், முதல் ஷோ, மன்றம்னு எல்லாத்தையும் மூணு தலமுறையா பாத்துட்டோம். 1987 டிசம்பர்ல எம்.ஜி.ஆர் இறந்தப்போ தமிழ்நாட்டுல தன் உயிரையே விட்டவங்க உண்டு. அப்புறம் 90கள்ல கேசட்லயும் கேபிள் டிவிலயும் ஜாக்சன் வந்து சேந்தார். பாட்டுல ஒரு வார்த்த புரியாது, ஆனா சிமெண்ட் தரைல சாக்ஸ் போட்டுகிட்டு மூன்வாக் பழகி முட்டிய தேச்சுகிட்ட பசங்க சேலத்துல குகை, அம்மாபேட்டை ஏரியாக்கள்ல எத்தன பேர்! 1983-ல அமெரிக்க டிவில அவர் அந்த நடைய காட்டினத பல வருஷம் கழிச்சு பாத்துதான் இவங்க கத்துகிட்டாங்க. ஆண்டு விழா மேடை, ஆடல் பாடல் ட்ரூப், அப்புறம் சின்னதா ஒரு டான்ஸ் கிளாஸ்னு சிலருக்கு அதுவே சோறும் போட்டுச்சு. தறிக்கும் பட்டறைக்கும் நடுவுல வளந்த ஒரு பையனுக்கு "நீயும் மேடைல நிக்கலாம்"னு சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த நன்றி சாதாரணம் இல்ல, அத கேலி பண்ற யாரையும் நான் என் ரூம்ல பேச விடறதில்ல.

அப்படி ஒருத்தர்தான் என்கிட்ட வந்த ஒரு அப்பா. பகல்ல வெள்ளிப் பட்டறைல கொலுசு வேல, சாயங்காலம் பசங்களுக்கு டான்ஸ். எட்டாவது படிக்கற மகன கூட்டிட்டு வந்தார். பையனுக்கு அடிக்கடி வயித்து வலி, டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்து ஒண்ணும் இல்லன்னுட்டார், மார்க் இறங்கிடுச்சு, ஒரு குறிப்பிட்ட சொந்தக்காரங்க வீட்டுக்கு போகணும்னா மட்டும் வாந்தி. முதல்ல நாங்க கிரிக்கெட்தான் பேசினோம், அப்புறம் ஸ்கூல், அப்புறம் அவன் வரையற படங்கள். கொஞ்ச நாள் பேசிப் பழகினதுக்கு அப்புறம் ஒரு நாள் மெதுவா சொன்னான், அந்த வீட்ல இருக்கற பெரியவர் ஒருத்தர் ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன்கிட்ட நடந்துகிட்ட விதத்த.

நான் கேட்டேன், அப்பாகிட்ட சொல்லலாம்னு தோணலயா கண்ணுன்னு. அதுக்கு அவன் சொன்ன பதில் என்ன உலுக்கிடுச்சு. வீட்ல அப்பா யூடியூப்ல எதோ ஒரு பேட்டி பாத்துட்டு இருந்திருக்கார், சின்ன வயசுல ஜாக்சன் எங்கள இப்படி பண்ணார்னு ரெண்டு பெரிய ஆளுங்க சொல்ற பேட்டி. அப்பா கோவத்துல, "அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானடா, இத்தன வருஷம் வாய்ல என்ன இருந்துச்சு, இப்ப காசுக்கு வர்றானுங்க"ன்னு திட்டியிருக்கார். பையன் பக்கத்துலதான் ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்திருக்கான். என்கிட்ட சொன்னான், "எனக்கும் அப்பவே லேட் ஆயிடுச்சு மேடம்."

அந்த அப்பா கெட்டவர் இல்ல. மகன் மேல உயிரா இருக்கறவர். அவர் திட்டினது கலிஃபோர்னியால இருக்கற யாரையோ, அவங்களுக்கு அது கேக்கப்போறதும் இல்ல, ஜாக்சனுக்கும் கேக்காது. கேட்டது ஒரே ஒருத்தனுக்கு.

இதுல என்ன நடந்ததுன்னு தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். 1993-ல 13 வயசு பையன் ஒருத்தன் சார்பா முதல் புகார் வந்துச்சு, 1994 ஜனவரில பெரிய தொகை குடுத்து சிவில் வழக்க முடிச்சுகிட்டாங்க, கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகல. 2003-ல வேற ஒரு பையன் விஷயத்துல கைதானார், 2005 ஜூன் 13-ஆம் தேதி ஜூரி எல்லா குற்றச்சாட்டுலயும் அவர விடுதலை பண்ணுச்சு. 2009 ஜூன் 25 இறந்துட்டார், நம்ம ஊர் நேரத்துக்கு 26 விடியக்காலைல. 2019-ல வந்த ஒரு ஆவணப்படத்துல ரெண்டு பேர் விரிவா பேசினாங்க, அதுல ஒருத்தர் 2005 வழக்குல ஜாக்சனுக்கு சாதகமா சாட்சி சொன்னவர். ஜாக்சனோட சொத்த நிர்வகிக்கற தரப்பு எல்லாத்தையும் மறுக்குது. ரசிகர்கள் கேக்கற கேள்வியும் இங்கதான் வருது, அன்னிக்கு கோர்ட்ல சத்தியம் பண்ணி ஒண்ணும் நடக்கலன்னவன் இன்னிக்கு ஏன் மாத்தி பேசறான்?

கேள்வி நியாயமானதுதான். என் தொழில்ல இருக்கறவங்க அதுக்கு சொல்லக்கூடிய பதில் இது: சின்ன வயசுல பாதிக்கப்பட்டவங்க வருஷக்கணக்கா சொல்லாம இருக்கறதும், நேரா கேட்டா கூட "அப்படி எதுவும் இல்ல"ன்னு அடிச்சு சொல்றதும், அப்புறம் தனக்குன்னு ஒரு குழந்த பொறந்தப்போ உடைஞ்சு போறதும் நாங்க திரும்ப திரும்ப பாக்கறது. ஏன்னா பண்றவர் பெரும்பாலும் குழந்தைக்கு பிடிச்ச ஆள், பரிசு வாங்கி தர்றவர், வீட்ல எல்லாரும் மரியாதையா பேசறவர். அவர காட்டிக்குடுத்தா குடும்பமே இடிஞ்சிடும்னு அந்த சின்ன மனசுக்கு தெரியும். அதனால லேட்டா சொன்னதுங்கற ஒண்ண மட்டும் வெச்சு பொய்னு முடிவு பண்ண முடியாது, அத மட்டும் வெச்சு உண்மைனும் முடிவு பண்ண முடியாது. ஜாக்சன் விஷயத்துல இந்த விளக்கம் எதையும் நிரூபிக்கல, அத நேர்மையா சொல்லிடறேன். ஆனா "அன்னிக்கே ஏன் சொல்லல"ங்கற கேள்வி நம்ம வீட்டுக் குழந்தைய நோக்கி திரும்புனா என்ன ஆகும்னு மட்டும் எனக்கு நல்லா தெரியும்.

2007-ல மத்திய அரசோட பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட பேசி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. தமிழ்நாடு அதுல இல்ல. 53 சதவீதத்துக்கு மேல குழந்தைங்க ஏதோ ஒரு வகைல பாலியல் தொந்தரவ சந்திச்சதா சொன்னாங்க, அவங்கள்ல பாதிக்கு மேல பையன்க. பெரும்பாலானவங்க யார்கிட்டயும் வாய் திறக்கல. நம்ம ஊர்ல பையனுக்கெல்லாம் என்ன ஆகப்போகுதுன்னு இன்னும் நினைக்கறவங்க இருக்காங்க, அவங்க இந்த ஒரு வரிய மறுபடி படிக்கணும்.

குழந்தைங்க நேரா வந்து சொல்ல மாட்டாங்க. ஆழம் பாப்பாங்க. "என் கிளாஸ்ல ஒரு பையனுக்கு இப்படி ஆச்சாம்பா"ன்னு ஆரம்பிப்பாங்க, நம்ம முகத்த பாப்பாங்க. இல்ல டிவில அந்த மாதிரி நியூஸ் வர்றப்போ நாம என்ன சொல்றோம்னு கேப்பாங்க. பாட்டுக்காரரோ நடிகரோ சாமியாரோ அரசியல்வாதியோ, யார் மேல புகார் வந்தாலும் நாம சொல்ற முதல் வாக்கியம் அவங்களுக்கு ஒரு தகவல், இந்த வீட்ல யார நம்புவாங்கங்கற தகவல். நமக்கு அது ஒரு நிமிஷ கோவம், மறந்தும் போயிடும்.

ரசிகருக்கு ஏன் அவ்வளவு கோவம் வருதுன்னும் புரிஞ்சுக்கணும். 1956-லயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு ஆய்வாளர்கள் இத எழுதி வெச்சிருக்காங்க, டிவிலயும் ரேடியோலயும் திரும்ப திரும்ப பாக்கற ஒருத்தரோட நமக்கு ஒரு பக்கமா ஒரு உறவு வளருதுன்னு. அவருக்கு நம்மள தெரியாது, நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. அதுல நோய் எதுவும் இல்ல, எல்லா மனுஷனுக்கும் இருக்கறதுதான். அந்த சொந்தக்காரர் மேல ஒரு புகார் வந்தா மனசு ரெண்டு விஷயத்த ஒண்ணா தாங்க முடியாம தவிக்குது, "நான் நேசிச்சவர்" ஒண்ணு, "இப்படி பண்ணியிருக்கலாம்" ஒண்ணு. லியான் ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியலாளர் 1957-ல விளக்கின மன முரண்பாடு இதுதான். அந்த வேதனைல இருந்து சீக்கிரம் வெளிய வர சுலபமான வழி, புகார் சொன்னவங்கள பொய்யாக்கறது. முட்டாள்தனத்தால இல்ல, வலியால பண்றாங்க. 

அதுக்காக விடுதலைத் தீர்ப்பு வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னும் எப்பவும் சொல்லிட முடியாது. ஆர். கெல்லின்னு இன்னொரு அமெரிக்க பாடகர், 2008-ல சிகாகோல ஒரு வழக்குல விடுதலை ஆனார். 2021-ல நியூயார்க்ல வேற வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பு வந்து அடுத்த வருஷம் 30 வருஷ தண்டன. நடுவுல அத்தன வருஷமும் புகார் சொன்ன பொண்ணுங்கள திட்டித் தீத்த ரசிகர்கள் இருந்தாங்க. ஜாக்சன் வழக்கும் அப்படித்தான்னு நான் சொல்ல வரல, ரெண்டும் வேற வேற. தெரியாதத தெரியாதுன்னு விடறதுக்கு மனசு பழகணும், அவ்வளவுதான் கேக்கறேன்.

இப்ப பெரிய கூட்டம் ஜாக்சன் பக்கம் இல்ல, கே பாப்னு சொல்ற கொரியப் பாட்டு பக்கம். ஏற்காட்டுல ஹாஸ்டல்ல படிக்கற பிள்ளைங்க, மலைல எஸ்டேட் வேலைக்கு போறவங்க வீட்டு பிள்ளைங்க, இங்க கீழ அஸ்தம்பட்டி ஃபேர்லேண்ட்ஸ் பிள்ளைங்கன்னு எல்லார் நோட்டு பின்னாடியும் கொரியன் எழுத்துல பேர் இருக்கு. 2024 ஜனவரில கரூர் பக்கத்துல இருந்து மூணு எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க பிடிஎஸ்ங்கற பாட்டுக் குழுவ பாக்க கப்பல்ல கொரியா போறோம்னு கிளம்பி காட்பாடி ஸ்டேஷன்ல கண்டுபிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் பயந்துபோன அப்பா அம்மா நிறைய பேர் என்கிட்ட வந்தாங்க. பாதி பேர் போஸ்டர கிழிச்சுட்டுதான் வந்தாங்க. கிழிக்காதீங்க. அந்த பிள்ளைக்கு ராத்திரி தனியா அழறப்போ துணையா இருந்தது அந்த பாட்டா இருக்கலாம், முதல்ல அத கேளுங்க. பெரும்பாலான ரசிக பிள்ளைங்களுக்கு இது ஒரு சந்தோஷம், நாலு ஃப்ரெண்ட்ஸோட சேந்து பேச ஒரு விஷயம். தூக்கம் போகுது, வீட்ல காசு காணாம போகுது, ஸ்டார பத்தி யாராவது ஒரு வார்த்த சொன்னா நாள் முழுக்க சாப்பிடல, இல்ல ஸ்டார் மேல புகார் சொன்ன பொண்ணோட சோஷியல் மீடியா பக்கத்துல போய் ராத்திரி எல்லாம் கெட்ட வார்த்தைல கமெண்ட் போடறாங்கன்னா அப்பதான் கவனிக்கணும். அந்த கடைசி விஷயம் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. பதினஞ்சு வயசு பொண்ணு, இன்னொரு பொண்ண "நீ கேட்டு வாங்கினது"ன்னு எழுதறா. நாளைக்கு இவளுக்கே பஸ்ல ஒருத்தன் கை வெச்சா, இவ அதே வார்த்தையத்தான் தனக்கு சொல்லிக்குவா.

வெள்ளிப் பட்டறை அப்பாகிட்ட, பையன் சம்மதத்தோட, நானே பேசினேன். கேட்டு முடிச்சுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல அவர். பாட்ட விடணுமா மேடம்னு கேட்டார். வேணாம்ங்க, அது உங்க இளமை, அத எடுத்துட்டா பையன் தன்னாலதான் அப்பாவோட சந்தோஷம் போச்சுன்னு நினைப்பான்னு சொன்னேன். அவர் வீட்டுக்கு போய் மகன்கிட்ட சொன்னது இது: "நான் அன்னிக்கு திட்டினது தப்பு சாமி. அவங்க சொன்னது உண்மையா பொய்யான்னு எனக்கு தெரியாது. ஆனா நீ எப்ப சொன்னாலும், எத்தன வருஷம் கழிச்சு சொன்னாலும் நான் உன்ன நம்புவேன்." இத எந்த வீட்லயும் சொல்லலாம், எதுவும் நடக்காத வீட்லயும் சொல்லலாம். நியூஸ்ல யார் பேர் வந்தாலும் குழந்த பக்கத்துல இருந்தா "என்ன நடந்துச்சுன்னு விசாரிக்கட்டும், சொல்லவே அவங்களுக்கு கஷ்டமா இருந்திருக்கும்"னு ஒரு வரி போதும். உங்க ஸ்டாருக்கு அதனால ஒரு குறையும் வராது.

குழந்த வாய் திறந்துட்டா குறுக்கு விசாரண பண்ணாதீங்க, ஏன் எப்படி எத்தன தடவன்னு குடையாதீங்க. கேளுங்க, நம்பறேன்னு சொல்லுங்க, உன் மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. போக்சோ சட்டம் 2012-ல வந்தது, 18 வயசுக்கு கீழ ஆணோ பெண்ணோ எல்லா குழந்தைக்கும் பொருந்தும். விஷயம் தெரிஞ்சவங்க போலீஸ்கிட்ட சொல்லணும்னே சட்டம் சொல்லுது, நானும் அந்த பையன் விஷயத்துல அவனுக்கு முன்னாடியே புரிய வெச்சுட்டுதான் தகவல் குடுத்தேன். குழந்தையோட வாக்குமூலத்த வீட்லயே வாங்கலாம், அப்போ போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது, ராத்திரில குழந்தைய ஸ்டேஷன்ல வெக்கக்கூடாது, பேர் படம் எதுவும் வெளிய வரக்கூடாது. குழந்தைங்களுக்கு 1098, அவங்களே நேரா அடிக்கலாம். மனசு சம்பந்தமா யாருக்கு பேசணும்னாலும் 14416, டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ரெண்டு நம்பரையும் பிள்ளைங்க ஸ்கூல் டைரில இன்னிக்கே எழுதி வெச்சிடுங்க.