மறுசீரமைப்பு எதற்கு, ‘திருப்பினீர்’ இருக்கிறதே

கும்பகோணம், மாயவரம் பக்கம் உபவாசக் கூட்டப் போஸ்டர் எதைப் பார்த்தாலும் ‘தேவ சலுகையும் மறுசீரமைப்பும்’ என்று போட ஆரம்பித்துவிட்டார்கள். பிரசங்கத்திலும் அதேதான். ஆதாரமாகக் காட்டுவது பைபிளில் சங்கீதம் 85:1. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் போய்ப் பார்த்தால் இந்த இரண்டு சொல்லுமே கிடையாது. “கர்த்தாவே, உமது தேசத்தின்மேல் பிரியம்வைத்து, யாக்கோபின் சிறையிருப்பைத் திருப்பினீர்” என்றுதான் இருக்கிறது. இவ்வளவு நல்ல தமிழைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பிரசங்கத்தில் கேட்ட ஃபேவர், ரெஸ்டோரேஷன் இரண்டுக்கும் அகராதியில் சொல் தேடுவானேன்?

மூலமொழியான எபிரெயத்தில் ‘பிரியம்வைத்து’ வரும் இடத்தில் ‘ராட்சா’ என்ற வினை இருக்கிறது, மனம் உவந்து ஏற்றுக்கொள்வது என்று பொருள். ‘திருப்பினீர்’ வரும் இடத்தில் ‘ஷூவ்’, அதாவது திரும்புவது. கூடவே வரும் ‘ஷெவூத்’ சிறைபிடித்தல் என்ற வேரில் பிறந்ததா, ஷூவிலிருந்தே வந்ததா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் ஓடுகிறது. வேர்க்கதை இவ்வளவுதான்.

மறுசீரமைப்பு என்ற சொல் நமக்கு எங்கே பழக்கம்? தொகுதி மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு. பயிர் போன வருஷம் பேங்கில் என்ன செய்வார்கள்? குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றி எழுதுவார்கள். தவணை மாறும், தேதி மாறும், கடன் அப்படியே தலைமேல் இருக்கும். அதே சொல்லைக் கொண்டுபோய்க் கடவுள் செய்ததற்கு வைத்தால், கேட்கிற விவசாயி மனதில் என்ன விழும்? திருப்புதல் அப்படி இல்லை. அறுவடை முடிந்ததும் டெல்டாவில் எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வி, “நகையைத் திருப்பியாச்சா?” அடகுக்குப் போன சங்கிலி வட்டியும் முதலும் தீர்ந்து மறுபடி கழுத்துக்கு வருவதற்குப் பெயர் திருப்புதல். யாக்கோபின் சிறையிருப்பைத் திருப்பினீர் என்றால் அடகில் கிடந்த ஜனம் வீட்டுக்கு வந்துவிட்டது. இதற்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தச் சங்கீதம் முழுக்க ஷூவ் ஐந்து இடத்தில் வருகிறது, பழைய மொழிபெயர்ப்பு ஐந்தையும் ஒரே வேரில் பிடித்திருக்கிறது: சிறையிருப்பைத் திருப்பினீர், கோபத்தின் எரிச்சலை விட்டுத் திரும்பினீர், எங்களைத் திருப்பிக்கொண்டுவாரும், திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ, மதிகேட்டுக்குத் திரும்பாதிருப்பார்களாக. கடவுள் திரும்புகிறார், ஜனத்தைத் திருப்புகிறார், ஜனம் பழைய புத்திக்குத் திரும்பக்கூடாது. பாட்டின் முதுகெலும்பே இதுதான். முதல் வசனத்தில் மறுசீரமைப்பைச் செருகினால் மற்ற நாலு இடத்தோடும் அதற்கு ஒட்டு உறவே இருக்காது.

பழைய பெயர்ப்பில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘சிறையிருப்பு’ இடுக்கமான சொல். யோபு 42:10-லும் இதே எபிரெயத் தொடர்தான், அங்கே “கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்” என்கிறார்கள். யோபு எந்தச் சிறையில் இருந்தான்? அவன் இழந்தது ஆடு மாடு, பிள்ளைகள், உடம்பு. அந்த வகையில் கத்தோலிக்கர் வாசிக்கும் பொதுமொழிபெயர்ப்பின் “முன்னைய நன்னிலைக்குக் கொணர்ந்தீர்” பொருளில் தெளிவு. ஆனால் அதில் திரும்புதல் காணாமல் போய்விட்டது, எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

சரி, ரெஸ்டோரேஷனுக்குப் பெயர்ச்சொல் என்ன என்று கேட்பார்கள். திருப்பம் என்றால் கதைத் திருப்பம் ஆகிவிடும், மீட்பு ஏற்கெனவே இரட்சிப்புக்குப் போய்விட்டது. பெயர்ச்சொல் எதற்கு? ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் பார்த்ததும் தமிழிலும் ஒன்று செய்தே ஆகவேண்டும் என்ற இந்தப் பழக்கத்தால்தான் பிரசங்கமெல்லாம் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது. தமிழ் வினையில் ஓடுகிற மொழி. 1715-லேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட தரங்கம்பாடி இதே மண்ணில் இருக்கிறது, இங்கே இருந்துகொண்டு இப்படி எழுதுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் அந்தச் ‘சலுகை’. பஸ் பாஸில் கிடைப்பது சலுகை, பரீட்சைக் கட்டணத்தில் கிடைப்பது சலுகை. விதி இருக்கும், தகுதி இருக்கும், அரசாணை மாறினால் போய்விடும். சங்கீதக்காரன் சொல்வது தேசத்தின்மேல், மண்ணின்மேல் கடவுள் வைத்த பிரியத்தை. அதனால்தான் 12-ஆம் வசனத்தில் “நம்முடைய தேசமும் தன் பலனைக் கொடுக்கும்” என்று விளைச்சலுக்கு வந்து நிற்கிறான். பிரியம் வடசொல்லாயிற்றே என்பவர்கள் பொதுமொழிபெயர்ப்பில் உள்ள “அருள் கூர்ந்தீர்” என்பதை எடுத்துக்கொள்ளட்டும், அதுவும் அழகுதான். அடுத்த போஸ்டரில் ‘கர்த்தர் பிரியம்வைத்துத் திருப்பித் தருவார்’ என்று போடுங்கள், கூட்டத்துக்கு வருகிற எல்லாருக்கும் புரியும்.