ஷெரீப்பும் அவருடைய பாங்கனும்

புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு. அதன் நடுவில் ஒரு பிணம். மார்பில் நட்சத்திரச் சின்னத்துடன் குனிந்து பார்க்கும் ஷெரீப். அவருக்குப் பின்னால் தன் துப்பாக்கி உறையில் தானே சிக்கித் தடுமாறி ஓடிவரும் துணையாள். சிவகாசியில் அச்சான காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஷெரீப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் 'போலீஸ் அதிகாரி' என்பார்கள். பின்னால் வருபவனை 'எடுபிடி' என்பார்கள். முதல் சொல் பாதியைத்தான் சொல்கிறது. இரண்டாவது ஆளையே தவறாக அடையாளம் காட்டுகிறது.

ஷெரீப் என்பது இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் ஒட்டிப் பிறந்தது. ஒன்று 'ஷைர்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே அங்கு வழங்கிய நிலப்பிரிவு அது. மற்றொன்று 'ரீவ்'. ஒரு பண்ணைக்கோ ஊருக்கோ பொறுப்பான காரியக்காரர் என்று பொருள். கிராமத்து ரீவ் நம் மணியக்காரருக்கு மிக நெருங்கியவர். ஒரு ஷைர் முழுவதற்கும் அரசரின் பெயரால் காரியம் பார்த்தவர் ஷைர்-ரீவ். பேச்சில் தேய்ந்து தேய்ந்து அது ஷெரீப் ஆனது.

அரசருக்கு வரி திரட்டுவது, நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவது, கைதிகளைக் காப்பது, ஆயுதம் தாங்கத் தகுந்தவர்களைத் திரட்டுவது எல்லாம் அவர் வேலை. குற்றவாளியைப் பிடிப்பது அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். இத்தனை அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தால் என்ன நடக்கும் என்பதை 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா காட்டுகிறது. சுதந்திரக் குடிமகனின் குதிரையையோ வண்டியையோ அவன் இசைவில்லாமல் ஷெரீப் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் தனியாகவே ஒரு விதி உண்டு. எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால்தானே தடுக்க வேண்டியிருந்தது!

1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம் இன்னொரு வழக்கத்தை எழுத்தில் கொண்டுவந்தது. கொள்ளை நடந்தால் ஊரார் கூச்சலிட்டுத் துரத்த வேண்டும். பிடிக்கத் தவறினால் அந்த வட்டாரமே இழப்புக்குப் பொறுப்பு. நம் தென்மாவட்டங்களில் பாளையக்காரர் காலத்தில் இருந்த தேசகாவல் முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. காவல் பணம் வாங்குபவர், களவுபோனதை மீட்க முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பதே அங்கும் வழக்கம்.

இந்தச் சொல் கப்பலேறி அமெரிக்கா போனது. 1634இல் வர்ஜீனியா எட்டு ஷைர்களாகப் பிரிக்கப்பட்டபோது ஷெரீப்பும் உடன் வந்தார். பிறகு ஷைர் என்பது கவுண்டி ஆயிற்று. ஷெரீப் மட்டும் பெயர் மாறவில்லை. மாறியது அவருக்கு அதிகாரம் வரும் வழிதான். அரசர் அமர்த்தியவராக இருந்தவர், பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவராக ஆனார். இன்றும் அமெரிக்காவில் அப்படித்தான். கொலையாளியைத் துரத்தும் ஷெரீப், அடுத்த தேர்தலையும் மனத்தில் வைத்தே துரத்துகிறார் என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் நாம் தவறவிடுகிறோம். கதையில் அவர் ஏன் பண்ணை முதலாளியிடம் குழைகிறார் என்பது அப்போதுதான் புரியும்.

இங்கே மார்ஷல் என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது தமிழில் வழக்கமான பிழை. மார்ஷல் என்பதன் பழைய ஜெர்மானிய மூலத்துக்குக் குதிரைச் சேவகன் என்று பொருள். குதிரைக் கொட்டிலில் வேலை பார்த்தவன், அரசரின் குதிரைப்படைக்கே பொறுப்பாளனாகி, பின்பு படைத்தலைவனாகவும் உயர்ந்தான். தமிழிலும் சேவகன் என்பது ஏவலாளையும் குறிக்கும், வீரனையும் குறிக்கும். அமெரிக்க மேற்கில் மார்ஷல் இரண்டு வகை. ஊர் நிர்வாகம் அமர்த்தும் நகர மார்ஷல் ஒருவர். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தால் உருவான கூட்டாட்சி அரசின் மார்ஷல் இன்னொருவர். ஊருக்கு நகர மார்ஷல், கவுண்டிக்கு ஷெரீப், கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கூட்டாட்சி மார்ஷல் என்பதே கணக்கு.

இந்தக் கணக்கு எப்படி மோதிக்கொள்ளும் என்பதற்கு அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரை விடச் சிறந்த சாட்சி கிடையாது. வெள்ளிச் சுரங்கத்தால் 1879இல் முளைத்த ஊர். 'அங்கே போனால் உனக்குக் கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல்தான்' என்று எச்சரிக்கப்பட்டவர் வெள்ளியைக் கண்டுபிடித்து, அந்தக் கல்லின் பெயரையே தன் சுரங்க உரிமைக்கு வைத்தார். 1881இல் அங்கே நகர மார்ஷலாக இருந்தவர் வெர்ஜில் ஏர்ப். அவரே கூட்டாட்சித் துணை மார்ஷலாகவும் இருந்தார். புதிதாகப் பிரிக்கப்பட்ட கொச்சீஸ் கவுண்டியின் ஷெரீப் ஜானி பிஹன். ஊருக்குள் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்ற நகர விதியை நிலைநாட்டப் போய், அக்டோபர் 26 அன்று வெர்ஜிலும் அவருடைய தம்பிகள் வைட், மார்கன் ஆகியோரும் நண்பர் டாக் ஹாலிடேயும் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அது சட்டத்தின் செயலா, கொலையா? சட்டத்தின் செயல் என்றார் நகர மார்ஷல். ஷெரீப் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஏறக்குறைய ஒரு மாத விசாரணைக்குப் பின் நீதிபதி அவர்களை விடுவித்தார்.

உண்மையான கொலைப் புதிர் அதன் பிறகுதான். டிசம்பர் இறுதியில் இருளில் மறைந்திருந்தவர்கள் வெர்ஜிலைச் சுட்டதில் அவருடைய இடது கை செயலிழந்தது. வைட் ஏர்ப் கூட்டாட்சித் துணை மார்ஷலாக அமர்த்தப்பட்டார். 1882 மார்ச் 18 இரவு பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கனைக் கதவின் கண்ணாடி வழியே சுட்டுக் கொன்றார்கள். கைரேகைப் பரிசோதனை வராத காலம். மரண விசாரணை அதிகாரியும் உள்ளூர் ஜூரிகளும் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்பதுதான் புலனாய்வு. சந்தேகத்துக்குரிய ஒருவரின் மனைவியே வந்து, தன் கணவனையும் அவன் கூட்டாளிகளையும் காட்டிக்கொடுத்தார். ஆனால் கணவனுக்கு எதிரான மனைவியின் சாட்சியம் பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை, வழக்கு கைவிடப்பட்டது. அதற்குள் வைட் தன் ஆட்களுடன் புறப்பட்டுவிட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்த ஃபிராங்க் ஸ்டில்வெல் டூசான் ரயில் நிலையத்தருகே பிணமாகக் கிடந்தார். அந்த ஸ்டில்வெல் முன்பு ஷெரீப் பிஹனிடமே துணை ஷெரீப்பாக இருந்தவர்! வைட்டின் துணைப்படை கொலையாளிகளைத் துரத்த, ஷெரீப்பின் துணைப்படை வைட்டைத் துரத்தியது. இரு பக்கமும் சட்டத்தின் பெயரால்தான் சென்றன. இரண்டையும் 'போலீஸ்' என்று மொழிபெயர்த்தால் இந்தக் கதையில் எதுவுமே விளங்காது.

இப்படித் திரட்டப்படும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'பாஸி' என்று பெயர். கவுண்டியின் ஆற்றல் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதல் பாதி அது. ஷெரீப் கூப்பிட்டால் வர வேண்டிய குடிமக்கள். ராணுவத்தை இப்படிப் பயன்படுத்துவதற்கு 1878இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. தமிழில் துணைப்படை என்றே எழுதலாம்.

ஷெரீப் தமிழ்நாட்டுக்கு வராதவர் அல்லர். 1726ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னைக்கு மேயர் நீதிமன்றத்தைக் கொடுத்தபோது ஷெரீப்பையும் கொடுத்தது. நாளடைவில் அது ஓராண்டுக் கௌரவப் பதவியாகி, வரவேற்பு, இரங்கல் கூட்டம் என்று சுருங்கி, 1990களின் இறுதியில் ஒழிந்தது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் பதவி இன்னும் நீடிக்கிறது. எழுத்துக்கூட்டலிலும் ஒரு குழப்பம் உண்டு. மேன்மையானவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லான ஷரீஃப், முஸ்லிம் பெயர்களில் வருவது, நம் பத்திரிகைகளில் ஷெரீப் என்றே அச்சாகிறது. இரண்டுக்கும் உறவு இல்லை.

தமிழ்ச் சொல் என்ன? உறுப்புக்கு உறுப்பு மொழிபெயர்த்தால் ஷைர் நாடு, ரீவ் ஆள்பவர். சேர்த்தால் நாட்டாண்மை வந்து நிற்கிறார். வேர் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் ஆலமரத்தடியும் சொம்பும் கூடவே வந்துவிடும். 'நாட்டுக்காவலர்' என்றால் இன்றைய வாசகர் தேசத்தைக் காப்பவர் என்று எடுத்துக்கொள்வார். எனக்குச் சரியாகத் தோன்றுவது 'கோட்டக்காவலர்'. தொண்டை மண்டலத்தின் பழைய நிலப்பிரிவுக்குக் கோட்டம் என்று பெயர். வருவாய்த் துறையில் கோட்டாட்சியர் இன்றும் இருக்கிறார். காவல் என்பதும் தமிழில் திருடனைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. சம்மன் கொண்டுபோவது, சொத்தை ஜப்தி செய்வது போன்ற அமீனா வேலை மட்டும் இந்தச் சொல்லுக்குள் அடங்காது. கட்டுரையில் கோட்டக்காவலர் என்று ஒருமுறை விளக்கிவிட்டு, கதையில் ஷெரீப் என்றே விடலாம். தாசில்தாரை அப்படித்தானே விட்டிருக்கிறோம்.

இனி அந்தத் துணையாள். ஆங்கிலத்தில் 'சைட்கிக்'. அமெரிக்கக் கொச்சையாகப் பிறந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் பரவிய சொல். கால்சட்டையின் பக்கப் பைக்கு ஜேப்படிக்காரர்கள் 'கிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள், எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பையே உற்ற தோழனுக்குப் பெயராயிற்று என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அழகான கதைதான். ஆனால் முதலில் வழங்கிய வடிவம் 'சைட்கிக்கர்'. பையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'பக்கத்துக் கூட்டாளி' என்ற பொருளில் அதற்கும் முன்பே இருந்த சொற்களின் வரிசையில் இதை வைப்பதே பொருத்தம்.

வரலாற்றில் அவன் நகைச்சுவைப் பாத்திரம் அல்லன். டாக் ஹாலிடே காசநோயில் இருமிக்கொண்டிருந்த பல் மருத்துவர். அமெரிக்கப் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்டு, இன்று ஓக்லஹோமாவில் அடங்கும் 'இந்தியப் பிரதேசத்தில்' கொலையாளிகளைத் தேடிப் போன கூட்டாட்சித் துணை மார்ஷல்கள், வண்டி, சமையல்காரர், ஓர் உதவியாள் என்ற பரிவாரத்துடன் வாரக்கணக்கில் சுற்றினார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் பாஸ் ரீவ்ஸ். அடிமையாகப் பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாமலேயே 1875 முதல் சட்டத்தின் ஆளாக வேலை பார்த்தவர். மனைவியைக் கொன்ற சொந்த மகனை 1902இல் தானே போய்க் கைதுசெய்தவர். அடிமையாக வைத்திருந்த குடும்பத்திடமிருந்து வந்த அவருடைய பெயரில், ஷெரீப்புக்குள் இருக்கும் அதே ரீவ் ஒளிந்திருக்கிறது. 1930களில் திரைப்படங்கள் பெருகியபோது இந்தப் பரிவாரத்திலிருந்து ஒரே ஒருவனை எடுத்து, தாடி, பல்லில்லா வாய், முணுமுணுப்பு எல்லாம் கொடுத்துச் சிரிக்க வைத்தார்கள் என்பது என் ஊகம். கேபி ஹேய்ஸ், ஸ்மைலி பர்னெட் போன்ற நடிகர்கள் அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார்கள்.

அவனுக்குத் தமிழில் கோமாளி பொருந்தாது. கோமாளிக்கு நாயகன் தேவையில்லை, தனியாகவே மேடையை ஆள்வான். வடமொழி நாடகத்தின் விதூஷகன் இன்னும் நெருக்கம், ஆனால் அவன் பெரும்பாலும் அரண்மனையைச் சார்ந்தவன். நமக்குத் தொல்காப்பியத்திலேயே ஆள் இருக்கிறான்: பாங்கன். பாங்கு என்றால் பக்கம். பாங்கன், பக்கத்தில் இருப்பவன். அகப்பாடல்களில் அவன் தலைவனுக்குத் தலையாட்டுவதில்லை. 'இது உனக்குத் தகுமா' என்று இடித்துரைக்கிறான். அந்தத் துறைக்கே கழறல் என்று பெயர். பிறகு தானே போய்ப் பார்த்து, தலைவன் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறான். கொலை நடந்த இடத்தில் ஷெரீப்பின் முடிவைக் கேலி செய்து, குதிரையின் குளம்படியைத் தற்செயலாக மிதித்துக் கண்டுபிடித்து, கடைசியில் தொப்பியைக் கழற்றுபவனும் இதைத்தான் செய்கிறான். எடுபிடி இதைச் செய்ய முடியாது. எடுபிடிக்குக் கழற உரிமை கிடையாது.

நகைச்சுவையையும் சேர்த்துச் சொல்ல 'நகைப்பாங்கன்' என்று ஆக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அடகுக் கடன் கொடுக்கும் வங்கி அலுவலர் போல ஒலிக்கிறது. வெறும் பாங்கனே போதும். துணை ஷெரீப் என்பது வேறு. அது சம்பளமும் சின்னமும் உள்ள பதவி. துணை ஷெரீப் பாங்கனாகவும் இருக்கலாம், பாங்கன் துணை ஷெரீப்பாக இருக்க வேண்டியதில்லை.