காக்கிள் வந்தால் அயர்ன் பாக்ஸைத் தேடாதீங்க

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வரும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'காக்கிள்' (cockle) என்று இருக்கும். செல்போனில் தட்டினால் 'மட்டி' என்று வரும். சிரித்துவிட்டு, "ஏதோ சுருக்கமாட்ட இருக்குது, அயர்ன் பண்ணி அனுப்பு" என்கிறார்கள். இதோடு எத்தனையாவது தடவை!

மட்டியும் சரிதான். கடல் மணலில் புதைந்து கிடக்கும் இரட்டை ஓட்டுச் சிப்பி, ஓடு முழுக்க விசிறி மாதிரி வரிகள். ஓட்டுக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்தான் துணிச் சுருக்கத்துக்கும் மூலம். கோதுமைக் காட்டில் ஊதாப் பூ பூக்கும் நச்சு விதைக் களைக்கும் அதே பெயர். அது வேறு வேர். உங்கள் சாம்பிள் 'இதயத்தின் காக்கிளைச் சூடாக்கியது' என்று பையர் (துணி வாங்குபவர்) எழுதினால் பதற வேண்டாம், மனசுக்குப் பிடித்தது என்று அர்த்தம். அவர்கள் மனசு சூடானது என்றால், நம்ம ஊர்ப் பேச்சில் மனசு குளிர்ந்த கணக்கு.

ஆனால் துணியில் வரும் காக்கிள் மடிப்பு அல்ல. மடிப்பு வெளியிலிருந்து விழுவது. காக்கிள் லூப்புக்குள்ளேயே, அதாவது பின்னலின் நூல் வளையத்துக்குள்ளேயே இருப்பது. நூல் ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்தாலோ, மெஷினுக்கு நூல் ஊட்டும் ஃபீடருக்கு ஃபீடர் டென்ஷன் (நூலின் இழுவிசை) மாறினாலோ, லைக்ரா என்ற இழுபடும் நூல் சமமாக ஓடாவிட்டாலோ, நனைந்ததும் துணி இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் சுருங்கும். பொரித்த அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக நிற்கும். ஸ்டீம் அடித்தால் படியும். வாங்கியவர் வீட்டில் ஒரு துவைப்பு கண்டதும் எழுந்துவிடும். அப்புறம் பையர் நஷ்டஈடு கேட்கும் கிளெய்ம்தான்.

சந்தேகமா? துணியின் கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி 30 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். 40 டிகிரி தண்ணீரில் அலசி, முறுக்காமல், கொடியில் போடாமல், மேசையில் பரப்பிக் காயவிடுங்கள். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் ஒன்றும் தெரியாது; ஜன்னலோரச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். படிந்திருந்தால் மடிப்பு. மேடு அப்படியே நின்றால் காக்கிள்.

சுருக்கம் தையலை ஒட்டி மட்டும் இருந்தால் அது பக்கரிங். தையலைப் பிரித்ததும் துணி படியும். அதற்கு டெய்லரிடம் போங்கள், நிட்டிங்காரரைத் திட்டாதீர்கள்.

கட்டிங்குக்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள், சாமி. வெட்டின பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே மெஷினில் இரண்டு லாட் நூலைக் கலக்காதீர்கள். டென்ஷன் மீட்டரை எல்லா ஃபீடரிலும் வைத்துப் பாருங்கள், முதல் நாலோடு நிறுத்த வேண்டாம்.

துணியில் தொங்கவிடும் ஹேங் டேக் அட்டையில் காக்கிள் என்று வந்தால் அது ஈரம் ஏறி நெளிந்தது. அட்டைக் கட்டைப் பிரிக்காமல், குடோன் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் வையுங்கள்.