நீர்க்கடுப்புக்குத் தயிரும் கேப்சூலும்

"ஆன்டிபயாடிக் வேண்டாம் மேடம், நல்ல பாக்டீரியா கேப்சூல் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வந்தால் நிச்சயம் திட்டிவிடுவேன். கடைசியாக வந்தவர் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். நல்ல பாக்டீரியா இருக்கிற தயிரும் கேப்சூலும் நீர்க்கடுப்பைக் குணமாக்கும் என்ற வாட்ஸ்அப் குறிப்பை நம்பி நாளைக் கடத்தி, குளிர்காய்ச்சலும் வாந்தியும் வந்த பிறகுதான் சேலத்துக்கு இறங்கினார். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது, அட்மிட் செய்து ஊசி போட வேண்டியதாயிற்று.

அந்தக் குறிப்பு முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் இருக்கிற தொற்றை விரட்ட அல்ல, அடிக்கடி வருகிறவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 100 பெண்களுக்கு முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணமாக்கிவிட்டு, அப்புறம்தான் பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற நல்ல பாக்டீரியா கேப்சூலைப் பிறப்புறுப்புக்குள் வைத்தார்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மருந்தில்லாத கேப்சூல் வைத்தவர்களில் 27. நல்ல சேதிதான், ஆனாலும் சின்ன ஆய்வு, இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அடுத்த ஆண்டு வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களிடம், தொற்று திரும்ப வராமல் தடுப்பதில் லாக்டோபேசில்லஸ் வாய்வழிக் கேப்சூல் ஆன்டிபயாடிக்கைவிடக் கொஞ்சம் பின்தங்கியது. ஆனால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் உடம்பில் ஒரே மாதத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின, அதனால்தான் இந்த ஆராய்ச்சியை நானும் விடாமல் பார்க்கிறேன்.

இப்போது தயிருக்கு வருவோம். பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா வேறு, பிறப்புறுப்பில் குடியிருந்து, பெரும்பாலும் நீர்க்கடுப்பைக் கொண்டுவரும் ஈ.கோலை கிருமியை அண்டவிடாமல் செய்வது வேறு. லாக்டோபேசில்லஸ் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். மெடிக்கலில் வயிற்றுப்போக்குக்குத் தருகிற கேப்சூலை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ் என்றிருக்கும். அது உண்மையில் பேசில்லஸ் கோஆகுலன்ஸ், அந்தக் குடும்பமே இல்லை! தயிர் சாப்பிடுங்கள், தாராளமாக, சோற்றுக்கு.

இன்னொரு கூட்டம், வீட்டில் மிச்சமிருந்த செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கை ரெண்டு போட்டுவிட்டு, சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு வரும். தட்டில் ஒன்றும் வளராது, நான் என்னத்தைப் பார்த்து மருந்து எழுதுவது? முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கொடுங்கள். லேப் தரும் டப்பாவில், கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அல்ல. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மலையிலிருந்து வர நேரமாகும் என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தால் அன்றைக்கே வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி வந்தால் மருந்து உண்டு.

தோட்ட முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். பல்கேரியாவில் அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். 2018இல் வந்த முடிவுப்படி, மற்றவர்களுக்கு ஆண்டில் சராசரியாக 3.2 முறை வந்தது இவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது. உங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பறிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள் ஐயா.