மஞ்சள் கம்பியில் ஓடும் ஒன்பதாவது பிட்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் இயங்கிய நாட்டெக் நிறுவனம், 1980களில் ‘ஆட்டோஹெல்ம்’ என்ற பெயரில் சிறு படகுகளுக்கான ஆட்டோபைலட்டுகளை, அதாவது தானே சுக்கானைத் திருப்பிப் படகைச் செலுத்தும் கருவிகளை, செய்துவந்தது. அவற்றில் பல இன்னும் சுக்கானை விடாமல் பிடித்திருக்கின்றன. மோட்டார் ஓடுகிறது, திசைகாட்டி பிசகவில்லை. ஆனால் கடல் வரைபடத்தில் படகின் இடத்தையும் பாதையையும் காட்டும் திரையான சார்ட்பிளாட்டரைப் புதிதாகப் பொருத்தியதும் சிக்கல் தொடங்கும்: ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. உடனே பழையதைக் கழற்றிப் போடுவது அவசரப் புத்தி என்பேன். அதன் மூளை பழசாகிவிடவில்லை, மொழிதான் பழசு.

அந்த மூளை செய்யும் வேலைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. கப்பலின் சுக்கானிகள் எப்படிச் செலுத்துகிறார்கள் என்பதைக் கவனித்த பொறியாளர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922இல் அதைக் கணக்காக எழுதினார். தேர்ந்த சுக்கானி, கப்பல் எத்தனை பாகை விலகியது என்பதோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் சாய்ந்தே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புகிறார். இந்தக் கணக்குதான் இன்றைய ஆட்டோபைலட்டுகளுக்கும் அடிப்படை.

பழைய கருவிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளும்போது படகின் முகம் அதே திசையில்தான் இருக்கும். திசைகாட்டியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. படகோ பாதையை விட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் வேண்டும். ‘பாதையிலிருந்து இத்தனை தூரம் வலப்பக்கம் விலகிவிட்டாய்’ என்ற ஒரே செய்தியைச் சார்ட்பிளாட்டர் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், பழைய கருவி தானே திருத்திக்கொள்ளும். இணைப்பு வேலை முழுவதும் இந்த ஒரு செய்திக்காகத்தான்.

ஆட்டோஹெல்மின் சொந்த மொழி சீடாக். மூன்று கம்பிகள்: சிவப்பில் 12 வோல்ட் மின்சாரம், உறையில்லாத கம்பி தரை (மின்சாரம் திரும்பும் வழி, சுழிய வோல்ட்), மஞ்சளில் தகவல். மஞ்சள் கம்பி சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டில் நிற்கும். பேச நினைக்கும் கருவி அதைச் சுழியத்துக்கு இழுக்கும். பலர் பிடித்திருக்கும் ஒரே மணிக்கயிறு போல, யார் இழுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். இருவர் ஒரே சமயத்தில் இழுத்துவிட்டால்? ஒவ்வொரு கருவியும் தான் சொன்னதைத் தானே கேட்டுச் சரிபார்க்கிறது. சொன்னதும் கேட்டதும் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுத்திக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி பேசும்.

வேகம் நொடிக்கு 4800 பிட். ஆனால் வழக்கமான எட்டுத் தகவல் பிட்டுகளோடு இதில் ஒன்பதாவதாக ஒன்று வருகிறது. ‘இங்கிருந்து புதிய செய்தி தொடங்குகிறது’ என்று அறிவிப்பதே அதன் வேலை. சாதாரணக் கணினியின் சீரியல் வாயிலுக்கு ஒன்பதாவது பிட் என்ற ஒன்றே கிடையாது. அதனால் பிழை பார்க்க வைத்திருக்கும் பாரிட்டி பிட்டை ஒவ்வொரு பைட்டுக்கும் மாற்றி மாற்றி அமைத்து, அதையே ஒன்பதாவது பிட்டாக நடிக்க வைக்கிறார்கள். இந்த மொழியை வெளியிலிருந்து புரிந்துகொண்டவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

அடுத்த மொழி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பேசிக்கொள்ள அமெரிக்கக் கடல் மின்னணுச் சங்கம் உருவாக்கிய என்எம்இஏ 0183. டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளி பிரித்து, மனிதரே படிக்கக்கூடிய வரிகளாக இருக்கும். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கலாம். கேட்பவர் அதே கம்பியில் பதில் பேச முடியாது. இதன் வழக்கமான வேகமும் 4800தான். கணக்குப் போட்டால் நொடிக்கு 480 எழுத்து. ஒரு வரி 82 எழுத்து வரை போகலாம் என்பதால், நீண்ட வரிகள் நொடிக்கு ஆறைத் தாண்டாது. அருகிலுள்ள கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் அறிவிக்கும் ஏஐஎஸ் தகவலையும் சேர்த்து அனுப்பினால், ஆட்டோபைலட் காத்திருக்கும் வரி நெரிசலில் மாட்டிக்கொள்ளும். வேண்டியதை மட்டும் அனுப்புங்கள்.

இன்றைய என்எம்இஏ 2000, கார்களின் உள்கருவிகள் பேசிக்கொள்ள பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் முறையின் மேல் எழுந்தது. வேகம் நொடிக்கு 2,50,000 பிட். முதுகெலும்பு போன்ற ஒரு கேபிள், அதன் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் மின்தடை இல்லை என்று அர்த்தம்.

இந்த மொழிகளுக்கு நடுவே ஒரு மாற்றுப்பெட்டி உட்கார்கிறது. சொற்களோடு அளவைகளையும் அது மாற்றியாக வேண்டும். என்எம்இஏ 2000 விலகலை ஒரு சென்டிமீட்டர் நுணுக்கத்தில் சொல்கிறது. சீடாக் அதைக் கடல் மைலின் நூறில் ஒரு பங்காகத்தான் சொல்லும். ஒரு கடல் மைல் 1852 மீட்டர் என்பதால் அதன் மிகச் சிறிய படி 18.5 மீட்டர். திறந்த கடலில் இது தாராளம். குறுகலான கால்வாயில் இதை நம்பிக் கையை எடுப்பது சரியல்ல. அங்கே நீங்களே சுக்கானைப் பிடியுங்கள்.

கம்பி இணைக்கும்போதும் ஓர் ஆபத்து உண்டு. புதிய 0183 கருவிகள் ஏ, பி என்ற இரு கம்பிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பேசும். பழையவை ஒரே கம்பியைத் தரையோடு ஒப்பிட்டுக் கேட்கும். அதற்காக பி-யைத் தரையில் இணைத்தால் அனுப்பும் சில்லு பழுதாகலாம். ஏ-யை உள்ளீட்டுக்கும் தரையைத் தரைக்கும் கொடுத்துவிட்டு, பி-யைக் காப்பிட்டு அப்படியே விட்டுவிடுவதே வழக்கம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வடக்குதான். பழைய ஆட்டோபைலட், திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கை வைத்துக் கணக்கிடுகிறது. சார்ட்பிளாட்டர், வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்கை வைத்துத் திசை அனுப்புமாறு அமைந்திருந்து, ஆட்டோபைலட் அதைப் பிரித்தறியாவிட்டால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே பிழையாகும். 2019இல் லண்டனின் கிரீனிச்சில் இரு வடக்குகளும் ஒன்றுசேர்ந்தன. ஆகவே தெற்கு இங்கிலாந்தில் சோதித்தால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. அதே அமைப்போடு அமெரிக்காவின் மெய்ன் கரைக்குப் போனால் ஏறக்குறைய 15 பாகை தவறும்.

இணைப்பு முடிந்ததும், அகலமான நீர்ப்பரப்பில் ஒரு கையைச் சுக்கானிலேயே வைத்துக்கொண்டு தகவல் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கருவி ஒலி எழுப்ப வேண்டும். பாதையின் திருப்புமுனை வந்ததும் பழைய ஆட்டோஹெல்ம் உடனே திரும்பிவிடாது. ஒலி எழுப்பி, பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும்: பொத்தானை அழுத்தும் முன் யாராவது ஒருவர் எழுந்துவந்து முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.